கருவிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில்

மருத்துவமனை லேப்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்த லேப்களுக்குக் கருவி வாங்கக் கையெழுத்திடும் நிர்வாகிகளுக்கும்:

காலையில் லேப் திறந்ததும் கருவியில் முதலில் ஓடுவது நோயாளியின் ரத்தம் இல்லை, கண்ட்ரோல். இரண்டு நிலைக் கண்ட்ரோலை ஓட்டி, வந்த எண்ணை லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, வெஸ்ட்கார்ட் விதி எதையாவது மீறுகிறதா என்று பார்த்த பிறகுதான் உங்கள் டெக்னீஷியன் முதல் சாம்பிளை ரேக்கில் வைக்கிறார். மருத்துவ லேப்களுக்கு அந்த வரைபடம் வந்தது 1950இல். அந்த விதிகள் வந்தது 1981இல். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்துக்கோ அதுபோன்ற வேறொன்றுக்கோ முடிவுகளை அனுப்பி, மற்ற லேப்களோடு உங்கள் எண் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறீர்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை காவலும் கருவியின் திரையில் எண் தோன்றுகிற வரைக்கும்தான். அங்கிருந்து அது கேபிளில் ஏறி, லேப் சாஃப்ட்வேருக்குள் இறங்கி, அலகு மாறி, பெயர் சேர்ந்து, ரிப்போர்ட்டாகி, நோயாளியின் போனில் பி.டி.எஃப். ஆக விழுகிறதே, அந்தப் பாதைக்குக் கண்ட்ரோல் எது? கண்ட்ரோலின் எண் பெரும்பாலும் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளித்தர மதிப்பீட்டுக்கு அனுப்பும் எண்ணும் கருவித் திரையைப் பார்த்து எழுதப்படுமானால், அதுவும் இந்தப் பாதையை மிதிப்பதில்லை. பாதையில் நடப்பது நோயாளியின் எண் மட்டுமே.

இந்த மடலில் நான் வாதிட வருவது ஒன்றுதான். கருவியை நெட்வொர்க்கில் இணைப்பது வயரிங் வேலை இல்லை, பரிசோதனையின் ஒரு கட்டம். ரீயேஜென்ட் லாட் மாறினால் எப்படிச் சரிபார்க்கிறீர்களோ, அப்படியே இதையும் லேப் தன் பொறுப்பில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இப்போது பொதுவாக நடப்பது வேறு. கருவி கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் ஒருபக்கம், சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய பையன் ஒருபக்கம் உட்கார்ந்து, கேபிளின் இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும் மாற்றிப் பார்த்து, வேகத்தை 9600 என்று வைத்துப் பார்த்து, ஒருவழியாகத் திரையில் ஓர் எண் வந்ததும் ‘வந்துருச்சு சார்’ என்பார்கள். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரும் போய்விடுவார்கள். எண் வந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி. சரியான எண், சரியான ஆளுக்கு, சரியான அலகில், கருவி சொன்ன எச்சரிக்கையோடு வந்ததா என்பதற்கு அங்கே சாட்சி யாரும் இல்லை.

கருவியும் கம்ப்யூட்டரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பல கருவிகளின் முதுகில் இருப்பது ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட். ஆர்.எஸ். 232 என்ற அந்தத் தரத்தை அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் தொழில் சங்கம் 1960இல் வகுத்தபோது, அது தட்டச்சுத் தந்திப் பொறியை மோடத்தோடு சேர்ப்பதற்கானது. அதன்மேல் ஓடும் பேச்சுக்கு இலக்கணம் எழுதியது ஏ.எஸ்.டி.எம். அமைப்பு, பிறகு அது சி.எல்.எஸ்.ஐ. கைக்கு மாறியது. கருவி முதலில் ஒரே ஒரு குறியை அனுப்பும். அதன் எண் 5, ‘பேசலாமா?’ என்று பொருள். கம்ப்யூட்டர் 6 என்று பதில் தந்தால் ‘பேசு’. 21 என்றால் ‘இப்போது முடியாது’. அனுமதி கிடைத்ததும் செய்தி துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் 1 முதல் 7 வரை போய்ப் பிறகு 0 என்று சுழலும் வரிசை எண். கடைசியில் இரண்டு எழுத்தில் ஒரு கூட்டுத்தொகை. துண்டிலுள்ள எழுத்துகளின் எண்களையெல்லாம் கூட்டி 256ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி அது. கம்ப்யூட்டரும் தன் பங்குக்குக் கூட்டிப் பார்க்கும். ஒத்துவந்தால் 6, இல்லையென்றால் 21. ஒத்துவராத துண்டைக் கருவி திரும்ப அனுப்பும். ஆறு முறை அனுப்பியும் ஏற்கப்படாவிட்டால், 4 என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்ளும். புதிய கருவிகள் ஈதர்நெட் கேபிளில் எச்.எல்.7 என்ற வேறு இலக்கணத்தில் பேசுகின்றன. சொல் வேறு, விஷயம் அதுவே.

எளிமையான ஏற்பாடு, அழகானதும்கூட. ஆனால் அது எதற்குக் காவல் என்பதைக் கவனியுங்கள். கூட்டுத்தொகைக்கு வரிசை தெரியாது. 164இன் இலக்கங்களைக் கூட்டினாலும் 146இன் இலக்கங்களைக் கூட்டினாலும் விடை ஒன்றுதான். இலக்கங்களை இடம் மாற்றுவது கை செய்யும் பிழை, கேபிள் செய்வதில்லை என்பதால் இதில் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. கூட்டுத்தொகை சரியென்றால், கருவி சொன்னது கம்ப்யூட்டரின் காதில் அப்படியே விழுந்தது என்று அர்த்தம். காதில் விழுந்ததைக் கம்ப்யூட்டர் சரியாகப் புரிந்துகொண்டதா, உரிய ஆளின் கணக்கில் எழுதியதா என்பதை அது சொல்லாது. ‘டேட்டா வருது’ என்று இன்ஜினியர் சொல்வது முதல் பாதியை மட்டும்.

புரிந்துகொள்வதில் என்ன கோளாறு வந்துவிடும் என்பதற்கு டெங்கு சீசனில் உங்கள் லேப்புக்கு வரும் பிளேட்லெட் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளலாம். கருவி அனுப்பும் செய்தியில் ஒரு முடிவுக்கான வரி நெடுங்கோடுகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் அறையில் பரிசோதனையின் குறியீடு, நான்கில் எண், ஐந்தில் அலகு, ஆறில் இயல்பு எல்லை, ஏழில் எச்சரிக்கைக் குறி. எச்சரிக்கையைச் சில கருவிகள் ஏழாம் அறையில் வைக்கும். சில தனி வரியாகவே அனுப்பும். இணைப்பு நிரல் எழுதுகிறவருக்கு அவசரம்; மூன்றையும் நான்கையும் எடுத்துக்கொண்டாலே ரிப்போர்ட் வந்துவிடும், மற்றதை விட்டுவிடுவார். இப்போது ஊதா மூடி டியூபுக்கு வாருங்கள். அதிலுள்ள இ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உடம்புக்குள் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். டியூபுக்குள் கட்டி கட்டியாகக் கிடப்பதால் செல் கவுண்டர் குறைத்து எண்ணும். கருவிக்கே சந்தேகம் வந்து, 42 என்ற எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கட்டி இருக்கலாம் என்று எச்சரிக்கும். குறியைப் பார்த்த டெக்னீஷியன் ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். வேண்டுமானால் நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்வார். எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத இணைப்பில் குறி வழியிலேயே உதிர்ந்துபோகும். 42 மட்டும் வந்து, ஆயிரத்தால் பெருகி, தடித்த எழுத்தில் 42,000 என்று நிற்கும். காய்ச்சல் வார்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் சின்ன பிரிண்டர் துப்பிய சீட்டைப் பார்த்து எழுதிய காலத்தில் அந்த நட்சத்திரக் குறி கண்ணுக்கு முன்னால் இருந்தது. வசதிக்காக வந்த இணைப்பு அதை மறைத்துவிட்டது. இத்தனைக்கும் அன்று காலை கண்ட்ரோல் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அலகின் கதையும் இதற்குத் தம்பிதான். கருவி 152 என்று அனுப்பும்; மைக்ரோலிட்டருக்கு 152 ஆயிரம் என்று பொருள். நம் டாக்டர்களுக்கு வேண்டியது 1.52 லட்சம். நடுவில் 100ஆல் வகுக்கும் ஒரு வரியை யாரோ எழுதிவைத்திருக்கிறார். கருவி மாறினாலோ, கருவியின் செட்டிங்கில் அலகு மாறினாலோ அந்த வரி தானாக மாறாது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கா லிட்டருக்கா என்பதில் 10 மடங்கு, குளுக்கோஸ் மில்லிகிராமா மில்லிமோலா என்பதில் 18 மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் பட்டுவிடும் என்பீர்கள், உண்மைதான். கண்ணில் படாதவையே கவலைக்குரியவை. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் இடம் மாறினால் யாருக்குத் தெரியும்? ஒரே அலகு, ஏறக்குறைய ஒரே எல்லை. கருவி தன் பரிசோதனைகளைத் தன் சொந்தக் குறியீடுகளால்தான் அழைக்கும். எந்தக் குறியீடு எந்தப் பெயர் என்ற அட்டவணை சாஃப்ட்வேரில் கையால் நிரப்பப்படுகிறது. உலகத்துக்கெல்லாம் பொதுவான குறியீடு வேண்டும் என்று இண்டியானாபொலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் லாயின்க் என்ற தொகுப்பைத் தொடங்கியது. ஆனாலும் கருவியின் குறியீட்டுக்கு நேரே லாயின்க் குறியீட்டை உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒரு மனிதர்தான். டி.எஸ்.எச். ‘0.01ஐ விடக் குறைவு’ என்று கருவி சொன்னதை, எண் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் போட்டால் ‘விடக் குறைவு’ போய் வெறும் 0.01 நிற்கலாம், அல்லது கட்டமே காலியாக இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, யாருடைய எண் என்பது. கருவிக்குப் பெயர் தெரியாது, சாம்பிள் ஐ.டி.தான் தெரியும். அந்த ஐ.டி. தினமும் 1இல் தொடங்கும் லேப்பாக இருந்தால் நேற்றும் ஒரு 23 உண்டு, இன்றும் ஒரு 23 உண்டு. நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் அணைந்திருந்தபோது முடிந்த சாம்பிள்களைக் கருவி தன் நினைவில் வைத்திருக்கும். இன்று காலை இணைப்பு கிடைத்ததும் கடமை தவறாமல் அனுப்பிவைக்கும். இன்றைய 23ஆம் ஆளின் பெயரில் நேற்றைய 23ஆம் ஆளின் கிரியாட்டினின் ஏறிவிடும். கூட்டுத்தொகை சரி, அலகு சரி, ஆள் மட்டும் வேறு. ஐ.டி.யைக் கருவியில் கையால் தட்டும் இடங்களில், ஒரு டியூபை விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள். டியூபில் பார்கோடு ஒட்டி, கருவியே அதைப் படித்து, இந்த டியூபுக்கு என்னென்ன பரிசோதனை என்று லேப் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இருவழி இணைப்பு இந்த இரண்டு வில்லங்கத்தையும் பெருமளவு ஒழிக்கும். ரத்தம் எடுக்கிற இடத்திலேயே வேறொருவரின் பார்கோடு ஒட்டப்பட்டிருந்தால் எந்தக் கேபிளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தப்பான ஆளிடம் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியும்.

இணைப்பு அறுந்துபோவது ஒரு தொல்லை. ஆனால் அது சத்தம் போட்டுவிடும். சத்தமில்லாமல் பாதியை மட்டும் கொண்டுவரும் இணைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020இல் இங்கிலாந்தில் நடந்தது போதும். கொரோனா முடிவுகள் லேப்களிலிருந்து சாதாரண எழுத்துக் கோப்புகளாக வந்தன. அவற்றைத் தொகுத்த பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்குமேல் இடமில்லை. மீறிய வரிசைகள் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். எந்த மணியும் அடிக்கவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் விடுபட்டது. அவர்களுக்குத் தொற்று என்ற தகவல் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் அவ்வளவு நாள் தாமதமானது. லேப்கள் செய்த பரிசோதனையில் பிழையில்லை. அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை என்று இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். கருவி இன்று எத்தனை முடிவுகள் தந்தது, சாஃப்ட்வேரில் எத்தனை ஏறின என்று சாயங்காலம் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் லேப்பில் ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

‘இவ்வளவு வம்பு எதற்கு, பழையபடி டெக்னீஷியனே பார்த்துத் தட்டட்டும், மனிதக் கண் பட்டால் தப்பு பிடிபடும்’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் முந்நூறு எண்களைப் பார்த்துத் தட்டும் கண், எண்ணைப் பார்க்கிறதே தவிர நோயாளியைப் பார்ப்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு 164க்குப் பதில் 146 என்று தட்டும் விரலைத் தடுக்க எந்தக் கூட்டுத்தொகையும் கிடையாது. ஆனால் இன்னொன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். தட்டும் வேலை போனால், தட்டும்போது நடந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பார்வையும் போய்விடுகிறது. எண் தானாக வருகிறது, தானாகப் போகிறது; இடையில் யாரும் நிற்பதில்லை. மிச்சமாகும் நேரத்தைக் குறியுள்ள முடிவுகள், முந்தைய முடிவிலிருந்து வெகுதூரம் தாவிய முடிவுகள் ஆகியவற்றைப் பார்க்கும் வேலைக்கு என்று ஒதுக்காமல், ஆளைக் குறைக்கும் வழியாக இணைப்பைப் பார்க்கும் நிர்வாகி கையால் தட்டும் லேப்பைவிட மோசமான லேப்பைத்தான் உண்டாக்குவார்.

அடுத்த ஆட்சேபம் வைரஸ். இது இன்னும் கனமானது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளை முடக்கியபோது, ஸ்கேன் கருவிகளோடு ரத்த, திசுப் பரிசோதனைக் கருவிகளும் சில இடங்களில் அகப்பட்டுக்கொண்டன. அதற்கான ஓட்டையை அடைக்கும் பேட்ச் இரண்டு மாதம் முன்னதாகவே வந்திருந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, நாள்கணக்கில் சீட்டுகளும் ரிப்போர்ட்டுகளும் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. 2024 ஜூன் 3இல் லண்டனில் தாக்கப்பட்டது மருத்துவமனைகூட இல்லை, அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதரும் சின்னோவிஸ் நிறுவனம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநோயாளி சந்திப்புகள் தள்ளிப்போயின. ரத்தப் பிரிவை வழக்கமான வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியாததால், யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ வகை ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கவேண்டியதாயிற்று. ஆக, பயம் நியாயமானது. அதிலும் கருவியோடு வரும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருக்கும், சில இடங்களில் எக்ஸ்பியே இருக்கும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2014 ஏப்ரலோடு நின்றது, 7க்கு 2020 ஜனவரியோடு. பேட்ச் போட்டால் கருவியின் மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று கம்பெனி கையை விரிக்கும்.

ஆனால் இதிலிருந்து ‘அதனால் இணைக்கவே வேண்டாம்’ என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. இணைக்காத கருவியிலிருந்து முடிவுகள் எப்படி வெளியே வருகின்றன? பென் டிரைவில். அதே பென் டிரைவ் அடுத்து பில்லிங் கம்ப்யூட்டரிலும், அதற்கடுத்து யாரோ ஒருவரின் வீட்டு லேப்டாப்பிலும் செருகப்படுகிறது. ஈரானின் நடான்ஸ் அணு நிலையம் இணையத்தோடு சேராமல்தான் இருந்தது. 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் உள்ளே போகப் பென் டிரைவே போதுமாயிருந்தது. கேள்வி இணைப்பதா வேண்டாமா என்பதில்லை, எந்த வாசல் வழியாக என்பது. கருவிகளுக்கென்று தனி நெட்வொர்க் பிரிவு. அங்கிருந்து லேப் சர்வர் ஒன்றுக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் போக அனுமதி. இணையம் கிடையாது, மெயில் கிடையாது, இரவு டியூட்டியில் படம் பார்ப்பதும் கிடையாது. சர்வீஸ் இன்ஜினியர் வெளியூரிலிருந்து திரையைப் பிடிக்கும் மென்பொருள், அவர் போனில் இருக்கும்போது மட்டும் திறந்து, பிறகு மூடப்பட வேண்டும். பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கக் கூடாது. பழைய சீரியல் கேபிளை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஒழுங்காகக் கட்டிய சீரியல் இணைப்பில் முடிவுகள் போகும். கோப்புகளும் நிரல்களும் சுலபத்தில் போகா. பழைய கருவிக்கு அதுவே நல்ல வேலி. இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் எல்லாம் விழும் என்று வைத்துக்கொண்டு, கருவியின் திரையிலிருந்து நேரே ரிப்போர்ட் எழுதும் தாள்களை அலமாரியில் தயாராக வைத்திருங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சுவலி நோயாளிக்கு மணிக்கணக்கு இடைவெளியில் இரண்டு முறை டிரோபோனின் பார்க்கும்போது, எது முதலில் எடுத்தது என்பதுதான் விஷயமே. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, பவர் கட்டுக்குப் பின் பழைய தேதிக்குப் போய்விட்ட கருவி, இறங்கும் எண்ணை ஏறும் எண்ணாக்கிவிடும். நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு போட்டது சைபர் குற்ற விசாரணைக்காக. லேப்புக்கு அதைவிடச் சொந்தமான காரணம் இருக்கிறது.

‘இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை, சாஃப்ட்வேருக்கு ஏ.எம்.சி. கட்டுகிறோமே’ என்பது மூன்றாவது பதில். நீங்கள் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றவர்கள் அல்லது பெற முயல்கிறவர்கள் என்றால், ஐ.எஸ்.ஓ. 15189இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.6 என்ற பகுதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தகவல் அமைப்பு சரியாக இயங்கும் என்பதை அதை விற்பவர் நிரூபித்துத் தர வேண்டும். பயன்பாட்டுக்கு வருமுன் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று, கருவிகளோடான இணைப்பு உட்பட, லேப் தானே சரிபார்க்க வேண்டும். பிற்பாடு செய்யும் மாற்றங்களுக்கும் அதுவே விதி. விற்பவர் வேலை, லேப் வேலை என்று அங்கே கோடு தெளிவாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. நடைமுறைக் காரணமும் உண்டு. கருவி கம்பெனிக்குத் தன் போர்ட்டோடு கடமை முடிந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தன் திரையில் எண் தெரிந்தால் முடிந்தது. நடுவில் விழுந்த நட்சத்திரக் குறிக்கு இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே தரப்பு லேப்தான்.

செலவு ஆகும் என்பதை மறுக்கவில்லை. இன்டர்ஃபேசிங்குக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். சில நேரம் போர்ட்டைத் திறந்துவிடுவதற்கே கேட்பார்கள். இணைப்புக் கையேட்டைத் தரத் தயங்குவார்கள். ஆனால் இந்தத் தொகையெல்லாம் கருவி வந்து உட்கார்ந்த பிறகு கேட்கப்படுகிறவை. கருவியை இலவசமாக வைத்துவிட்டு ரீயேஜென்ட்டில் காசு பார்க்கும் ரென்டல் ஒப்பந்தமாக இருந்தாலும், டெண்டர் மூலம் வாங்குவதாக இருந்தாலும், கையெழுத்துக்கு முந்தின நாள்வரை பேரம் உங்கள் கையில் இருக்கிறது. மறுநாள் அவர்கள் கையில். நிர்வாகிகளுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான். இணைப்புக் கையேடு, திறந்த போர்ட், இருவழிப் பேச்சு, எச்சரிக்கைக் குறிகள் உள்ளிட்ட முழுச் செய்தி, லேப் முன்னிலையில் சோதனை, அது முடிந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மையும் தாளும் தவிர இதற்குச் செலவில்லை.

சோதனை என்றால் ஆரோக்கியமான பத்துப் பேரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது இல்லை. இயல்பான எண்ணை எந்த இணைப்பும் ஒழுங்காகக் கொண்டுவந்துவிடும். வம்பான சாம்பிள்களைத் தேடிப் பிடித்து ஓட்டுங்கள். அளவு எல்லைக்கு மேலே போனது, கீழே போனது, ரத்த அணுக்கள் உடைந்து சிவந்த சீரம், பிளேட்லெட் கட்டியது, ‘ரியாக்டிவ்’ என்று எழுத்தில் முடிவு வருவது. ஒரே டியூபை இரண்டு முறை ஓட்டி, இரண்டாவது முதலாவதை அழித்துவிடுகிறதா, இரண்டும் நிற்கின்றனவா, ரிப்போர்ட்டில் எது ஏறுகிறது என்று பாருங்கள். பதிவே இல்லாத ஐ.டி.யை ஓட்டுங்கள், அந்த முடிவு எங்கே போய் உட்காருகிறது? முடிவுகள் போய்க்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் செருகி, எத்தனை வந்தன, எத்தனை இரட்டித்தன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களை ஒப்பிட வேண்டும்: கருவியின் திரை, சாஃப்ட்வேரின் திரை, நோயாளி கையில் வாங்கும் ரிப்போர்ட். சாஃப்ட்வேர் அப்டேட் ஆனால், புதுப் பரிசோதனை சேர்த்தால், கருவியின் போர்டு மாற்றினால் இதில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். முழுச் சோதனைக்கு ஒரு நாள் போகும். ரீயேஜென்ட் லாட் மாறும் போதெல்லாம் மணிக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிதில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது சாம்பிள் பார்க்கும் சிறிய லேப்புக்கும் இதே பேச்சா என்று கேட்டால், இல்லை. நாற்பது சாம்பிளுக்குக் கையால் எழுதி, இன்னொருவர் கருவிச் சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்ல ஏற்பாடு. அரைகுறை இணைப்பைவிட அது எவ்வளவோ மேல். ஐ.டி. மட்டும் தினமும் 1இல் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இணைக்கும்போது உதவும்.

இணைத்துவிட்டவர்கள் நாளைக் காலை ஒன்று செய்து பார்க்கலாம். வழக்கமான கண்ட்ரோல் முடிந்ததும், மிச்சமிருக்கும் கண்ட்ரோல் சீரத்தை ஒரு டியூபில் ஊற்றுங்கள். சாஃப்ட்வேரில் கண்ட்ரோல் கந்தசாமி, வயது 99, என்று ஒரு நோயாளியைப் பதிவு செய்து, பார்கோடு அடித்து டியூபில் ஒட்டி, மற்றவர்களோடு ரேக்கில் வைத்து ஓட்டுங்கள். பில்லிங் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கந்தசாமிக்குப் பாக்கி விழும். ரிப்போர்ட் உங்கள் போனுக்கே வரட்டும். வந்ததும் கருவித் திரைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எஸ்.ஜி.ஓ.டி.யிலிருந்து தொடங்குங்கள்.